சுற்றுலா வேனில் சிலிண்டர் வேண்டாம்

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தை மாத அறுபடை வீடு சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



"வீட்டு கேஸ் அடுப்புப் பாதுகாப்பைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று நம் தலைவர் கேட்டார். வீட்டு அடுப்பைப் பற்றி ஏஜென்சிக்காரர்கள் சொல்கிறார்கள், சிலிண்டர் போட வருகிற தம்பியும் சொல்கிறார். அதனால் நான் வேறு ஒன்றைப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். தை மாதம் நாம் போகப்போகும் சுற்றுலாவில், சமையலுக்கான சிலிண்டர் எந்த வண்டியில், எப்படி வரும்? அதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

உங்களில் பலருக்குத் தெரியும், நான் 31 வருடம் சிலிண்டரில் எரிவாயு நிரப்பும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தில் எல்லாம் தெரிந்தவன் என்று பெயர். அப்படிப்பட்ட நானே ஒரு தவறு செய்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாம் நவக்கிரகக் கோயில்களுக்குப் போனோம். 18 பேர் உட்காரும் வேன். பயணிகள் 17 பேர், கூட ஒரு சமையல் மாஸ்டர். வேன் புறப்படும் நேரத்தில் கடைசி இருக்கைக்குப் பின்னால் பார்த்தேன். வீட்டுக்குத் தருகிற 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் ஒன்று படுக்கவைத்துக் கிடந்தது. உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் படுக்கைச் சுருட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வழியில் காபி போட வேண்டும் என்பதால் ரெகுலேட்டரைக் கழற்றவில்லை. ரப்பர் குழாய் அடுப்போடு இணைந்தே இருந்தது.

"இது சரியில்லையே" என்று மெதுவாகச் சொன்னேன். "வருஷா வருஷம் இப்படித்தானே சார் போறோம், ஒண்ணும் ஆகலியே" என்றார் ஏற்பாடு செய்தவர். பூசணிக்காய் சுற்றியாகிவிட்டது, வண்டி முன்னால் கற்பூரம் ஏற்றியாகிவிட்டது, எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது நாம் எதற்குத் தடை சொல்ல வேண்டும் என்று நானும் பேசாமல் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டாம் நாள் இரவு, திருநள்ளாறு தரிசனம் முடித்துக் கும்பகோணம் திரும்புகிறோம். நல்ல மழை. கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி போட்டிருந்தது. எல்லோரும் தூக்கம். கடைசி வரிசையில் இருந்த 78 வயது அம்மா ஒருவர் மட்டும் விழித்துக்கொண்டு, "தம்பி, யாரு பையிலயாவது முட்டைக்கோஸ் அழுகிப்போச்சா? நாத்தம் தாங்கலப்பா" என்றார். முன்னால் இருந்த எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. டிரைவர் உள் விளக்கைப் போடச் சுவிட்சுக்குக் கை கொண்டுபோனார். நான் கத்திய கத்தலில் தூங்கிய குழந்தைகள் அலறிவிட்டன. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கதவுகளைத் திறந்து, அத்தனை பேரையும் கொட்டுகிற மழையில் இறக்கினோம்.

நடந்தது இதுதான். பழைய அடுப்பு, திருகு தளர்ந்திருந்தது. வண்டி குலுங்கும்போது மேலே இருந்த பை அழுத்தி, திருகு கொஞ்சம் திரும்பிவிட்டது. ரெகுலேட்டர் திறந்தே இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று மழையில் நனைந்தவர்களில் ஆறு பேர் இப்போது இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அந்த அம்மாவின் மூக்கு எங்களைக் காப்பாற்றியது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஏறிய எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கப் பார்க்கிறேன்.

எனக்கு ஏன் வாடை வரவில்லை?

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் புகை போல மேலே போகாது. தண்ணீர் போலக் கீழே இறங்கும், தரையோடு பரவும், பள்ளத்தில் தங்கும். வீட்டிலாவது வாசல் வழியாக வெளியேற வாய்ப்பு உண்டு. வேனின் தளம் ஒரு மூடிய தட்டு மாதிரி. இருக்கைகளின் கீழே, பைகளுக்கு நடுவே அது தங்கிக்கொண்டே இருக்கும். முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு அது வந்து சேர நேரமாகும்.

எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் கலந்தாலே வாடை தெரிய வேண்டும் என்பது கணக்கு. ஆனால் தூங்குகிறவர் மூக்கும் தூங்கும். அதே வாடையில் ரொம்ப நேரம் இருந்தால் மூக்கு பழகியும் போய்விடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு எரிவாயு கலந்தால் போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். நம் வேனின் உட்புறம் 5 மீட்டர் நீளம், அகலமும் உயரமும் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வையுங்கள். சுமார் 18 கன மீட்டர் வரும். அந்த வேன் முழுவதையும் பற்றக்கூடிய கலவையாக்க ஒரு கிலோவுக்கும் குறைவான எரிவாயு போதும். சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ. அதுவும் முழு வண்டி நிரம்ப வேண்டியதில்லை, தரையில் தங்கியது மட்டுமே பற்றினால் போதாதா?

படுக்கவைப்பது ஏன் இன்னும் மோசம் என்றும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிரப்புவோம், அங்கே வாயு நிற்கும். நிமிர்ந்து நிற்கும்போது வால்வு வழியாக வாயு மட்டும் வரும். படுக்கவைத்தால் திரவமே வால்வுப் பக்கம் வந்துவிடும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். அதனால்தான் எரிவாயு சிலிண்டர்களை எப்போதும் நிமிர்த்தி, விழாதபடி வைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகள் சொல்கின்றன.

நம் ஊரில் நடந்தது

"ஒண்ணும் ஆகலியே" என்பவர்களுக்கு நான் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை நம் மதுரை ரயில் நிலையத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லக்னோவிலிருந்து ஆகஸ்ட் 17 அன்று கிளம்பிய யாத்திரைக் குழு. தனியாகப் பதிவு செய்த சுற்றுலாப் பெட்டியில் நாகர்கோவில், திருவனந்தபுரம் எல்லாம் பார்த்துவிட்டு, ராமேஸ்வரம் போக வேண்டியவர்கள். மதுரையில் பெட்டியைத் தனியே கழற்றி நிறுத்தியிருந்தார்கள். விடியற்காலையில் பெட்டிக்குள் டீ, காபி போட அடுப்பைப் பற்றவைத்தபோது தீப்பிடித்தது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே அறிவித்தது.

அவர்கள் யார்? நம்மைப் போல ராமேஸ்வரம் பார்க்க ஆசைப்பட்டவர்கள். காலையில் எழுந்ததும் சூடாக ஒரு வாய் டீ குடிக்க நினைத்தவர்கள். அந்தக் குழுவிலும் "இது சரியில்லையே" என்று நினைத்த ஒருவராவது என்னைப் போல் பேசாமல் இருந்திருப்பாரோ என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

ரயிலில் சிலிண்டர் கொண்டுபோவது ரயில்வே சட்டப்படி குற்றம். 164ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. இது நம் சங்கத்தின் ரயில் பயணங்களுக்கும் பொருந்தும். சின்ன 5 கிலோ சிலிண்டர் என்றாலும் கூடாது, ஸ்டவ்வும் மண்ணெண்ணெயும்கூடக் கூடாது.

வீட்டையே இழுத்துக்கொண்டு போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்?

என் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். போன இடத்தில் கேரவன் என்ற வண்டியைப் பார்த்தேன். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் உண்டு. சமையலும் தூக்கமும் ஒரே அறையில்தான். என் கண் முதலில் சிலிண்டரைத்தான் தேடியது. அது உள்ளே இல்லை. வண்டியை இழுக்கும் இரும்புச் சட்டத்தின் மேல், வெட்டவெளியில், இரண்டு 9 கிலோ பாட்டில்கள் நிமிர்ந்து நின்றன. அசையாதபடி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சில கேரவன்களில் தனிப் பெட்டிக்குள் வைப்பதும் உண்டு. அந்தப் பெட்டிக்கு வண்டிக்குள்ளிருந்து வழி கிடையாது, கதவு வெளிப்பக்கம்தான். அடியில் ஒரு காற்றுத்துளை இருக்கும், கசிந்தால் வாயு அந்தத் துளை வழியாகத் தரைக்கு இறங்கிப் போய்விடும். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடிவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம்.

சமையலுக்கென்றே செய்த வண்டியிலேயே சிலிண்டருக்கு மனிதர்களோடு இடம் கிடையாது. உட்கார மட்டுமே செய்த நம் வேனில், கடைசி இருக்கைக்குப் பின்னால் அதற்கு என்ன வேலை?

சரி, சமையல் மாஸ்டர் எப்படி வருவார்?

உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. பெரியவர்களுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. சர்க்கரை நோய்க்காரர்கள் இருக்கிறார்கள், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள். செலவும் கட்டுப்படியாக வேண்டும். கூடவே சமைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. முதலில், தங்கும் மண்டபங்களில் சமையலறை உள்ள இடமாகப் பார்த்துப் பதிவு செய்வோம். அங்கேயே கேஸ் இருந்தால் நாம் எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். காலைக் காபிக்குப் பெரிய பிளாஸ்குகள் இரண்டு வாங்கிவிடலாம்.

சிலிண்டர் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், பாத்திரங்களோடு தனியாக ஒரு குட்டியானையில் போகட்டும். அதற்கும் சில ஒழுங்குகள் உண்டு. நம் பொறுப்பாளர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. திறந்த வண்டியாக இருக்க வேண்டும். காரின் டிக்கியிலோ, மூடிய கூண்டு வண்டியிலோ வேண்டாம். இருசக்கர வண்டியில் ஏற்றவே கூடாது, அதை விதியே தடுக்கிறது.

2. சிலிண்டரை நிமிர்த்தி, வண்டியின் பக்கக் கம்பியோடு கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் உருட்டுவதும் போடுவதும் கூடாது.

3. ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் பாதுகாப்பு மூடியை வால்வின் மேல் அழுத்திப் பொருத்துங்கள். பலரும் அந்த மூடியை முதல் நாளே அறுத்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வைத்திருங்கள்.

4. காலி சிலிண்டரையும் நிறைந்த சிலிண்டர் மாதிரியே நடத்துங்கள். அடுப்பு அணைந்துவிட்டால் சிலிண்டர் சுத்தமாகக் காலி என்று அர்த்தமில்லை. உள்ளே வாயு மிச்சம் இருக்கும்.

5. கூடவே மண்ணெண்ணெய், டீசல் கேன், பேட்டரி, தீப்பெட்டி, பூஜைக் கற்பூரம் எதுவும் வேண்டாம். பின்பக்கம் ஆள் யாரும் உட்கார வேண்டாம்.

6. வண்டியை உச்சி வெயிலில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் ஏறும்.

7. கிளம்பும் முன் சிலிண்டரின் தலைப்பக்கம் உள்ள தகட்டில் பரிசோதனைத் தவணையைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். டி 26 என்றிருந்தால் 2026 டிசம்பர் வரை. தவணை தாண்டியது என்றால் வாங்காதீர்கள்.

8. வீட்டு சிவப்பு சிலிண்டரைக் கூலிச் சமையலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. மாஸ்டர் 19 கிலோ வணிக சிலிண்டர் எடுத்துவரட்டும். ரப்பர் குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, ஐந்து வருடத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்த வெளியிலோ, நல்ல காற்றோட்டமான சமையலறையிலோ சமைக்கலாம். அடித்தளம், பள்ளம், சாக்கடை ஓரம் வேண்டாம். கனமான வாயு அங்கேதான் இறங்கும். சிலிண்டர் தரையில், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். இணைத்தவுடன் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், நுரை கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மழையோ குளிரோ, வேனுக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. கசிவு இல்லாவிட்டாலும் ஆபத்துதான். மூடிய இடத்தில் எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாடையே இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த அந்த வாயுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைப்பவர்களும் இதை நினைவில் வையுங்கள்.

வாடை வந்தால்

எந்த வண்டியிலும் அழுகின முட்டைக்கோஸ் வாடை வந்தால், அது யார் பை என்று தேடாதீர்கள். வண்டியைக் கடைகள், டீக்கடை அடுப்பு இல்லாத இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். விளக்கு, மின்விசிறி, ஏசி எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்து, குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் இறக்குங்கள். காற்று வரும் திசையில் தள்ளி நில்லுங்கள். ரெகுலேட்டரை மூட முடிந்தால், தெரிந்த ஒருவர் மட்டும் போய் மூடட்டும். தீ பற்றியிருந்தால் யாரும் கிட்டே போக வேண்டாம். செல்போனை வண்டிக்குள் எடுக்காமல், தள்ளிப் போய்ப் பேசுங்கள். எரிவாயுக் கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112. மூன்றையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், நான் நிறுத்திக் காத்திருக்கிறேன்.

கடைசியாக, கூட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் பெயரில் போகும் எந்த வேனிலும் பேருந்திலும், ஆட்கள் உட்காரும் இடத்தில் சிலிண்டர் ஏற்றுவதில்லை என்று இன்றே தீர்மானம் போடுவோம். குட்டியானை வாடகையைத் தலைக்குப் பங்கிட்டுச் சுற்றுலாக் கட்டணத்தோடு சேர்த்துவிடலாம். அது யாருக்கும் பெரிய பாரமாக இருக்காது.

இன்னொன்று தீர்மானத்தில் எழுத முடியாதது. தை மாதம் நாம் கிளம்பும் நாளில், தேங்காய் உடைப்பதற்கு முன் யாராவது ஒருவர் கடைசி இருக்கைக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஏதாவது கிடந்தால் சத்தமாகச் சொல்லுங்கள். நேரமாகிறது என்று நாலு பேர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அன்று நான் சொல்லாமல் ஏறினேன். நீங்கள் சொல்லிவிட்டு ஏறுங்கள்.



(உரை முடிந்ததும் மேற்படி தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சுற்றுலாப் பொறுப்பாளர்கள் எட்டுக் குறிப்புகளையும் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.)